சந்திரா மேடத்தின் சின்ன சிஸ்டம்

காரைக்காலில் எங்கள் கணினிப் பிரிவில் மிச்சமிருந்த பழைய கணினிகளையும் இப்போது கழித்துக்கட்டுகிறார்களாம். பிரிவில் இன்று வேலை பார்க்கும் பிள்ளைகள் அவற்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. பின்பக்கம் ஒரு பென் டிரைவ் மட்டும் செருகியிருந்ததாம். அதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓடியிருக்கின்றன என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தார்கள். "கலா மேடம், இத யாரு செஞ்சது? எப்படின்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

செய்தவர் சந்திரா மேடம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கும் மேடம் இதைப் படித்தால் பாதியை வெட்டச் சொல்வார். அதனால் அவரிடம் காட்டாமலே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரிச்சிக்குடியில் விவசாயக் குடும்பம். தட்டச்சு முடித்துவிட்டு, அரசு அலுவலகமொன்றில் கணினியில் தகவல் ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். விரல் வேகம் இருந்ததே தவிர, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஒருநாள் பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரத்தில் எட்டிப் பார்த்ததுதான் தொடக்கம். மாலை வகுப்பில் சேர்ந்து ஹார்டுவேர் படித்தேன். சில வருஷங்களில் கணினிப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளராக மாற்றினார்கள். தருமபுரத்தில் குடியேறினேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர். பிரிவில் நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் தூசி தட்டுவதும், வைரஸ் துடைப்பதும், "நாளைக்குச் சரியாயிடும் சார்" என்று பொய் சொல்வதும்தான்.

அப்படி இருந்த நேரத்தில் சந்திரா மேடம் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி எங்கள் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக வந்தார். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அலுவலகத்தைக் கூட்ட வரும் அம்மாவிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, எதிரில் இருப்பவர்கள் மறைக்க நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

வந்த முதல் வாரம் அவர் எந்த உத்தரவும் போடவில்லை. மாவட்டத்தில் எங்கள் பொறுப்பில் இருந்த அலுவலகங்களுக்கெல்லாம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வடக்கே பூவம் வரைக்கும் போனோம். எங்கே போனாலும் ஒரே கதைதான். காலையில் கணினியைப் போட்டுவிட்டு ஊழியர் வெளியே போய் டீ குடித்து வருவார். வந்து பார்த்தால் அது அப்போதுதான் பாதி விழித்திருக்கும். கரண்டு போய் வந்தால் அதுவும் கிடையாது. வாசலில் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கணினிகளில் இருந்த இயங்குதளத்துக்குத் தயாரித்த கம்பெனியே ஆதரவை நிறுத்திவிட்டது. புதியதைப் போட்டால் இயந்திரம் தாங்காது. புது இயந்திரம் கேட்டு எழுதினால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வரும்.

திரும்பி வரும் வழியில் அரசலாற்றுப் பாலத்தருகே ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். "மிஷினெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு கலா. தூக்க முடியாத மூட்டைய அது தலையில வச்சிருக்கோம். மூட்டைய எறக்கிட்டா நடக்கும்" என்றார்.

அப்படித்தான் சின்ன சிஸ்டம் உருவாகத் தொடங்கியது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் எளிமையான ஒரு வகையை அடித்தளமாக எடுத்துக்கொண்டார். ஒரு கணினி கண் விழிக்கவும் வேலை பார்க்கவும் தேவையான எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, அதைப் பென் டிரைவில் எழுதுவது. அந்தக் கோப்புக்குத்தான் இமேஜ் என்று பெயர். பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் கணினி அதிலிருந்து எழுந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சிஸ்டம் முழுவதும் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊழியர்கள் சேமிக்கும் கோப்புகள் மட்டும் பென் டிரைவில் தனியாக ஓர் இடத்தில் இருக்கும். நடுவில் கரண்டு போனால் எதுவும் கெட்டுப்போகாது. மறுபடி போட்டால் முதல் நாள் போலவே சுத்தமாக எழும். வைரஸ் வந்தாலும் அன்று சாயங்காலத்தோடு போய்விடும்.

கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். மேடம் அதைச் செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு பொறுமையான வேலை என்று தெரிந்தது. முதலில் அடித்தள சிஸ்டத்தைப் பிரித்து ஒரு கோப்புறையில் விரிப்பார். பிறகு ஒரு கட்டளையைத் தட்டி அதற்குள் நுழைவார். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் இருந்தபடியே இன்னும் பிறக்காத இன்னொரு கணினிக்குள் போய் உட்கார்ந்து வேலை பார்ப்பது அது. அங்கே ஒவ்வொரு நிரலாக எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்.

"இது யாருக்கு?"

முதல் நாள் அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. பாட்டுக் கேட்கும் நிரல் ஒன்று இருந்தது. "பொதுவா இருக்கட்டுமே மேடம்" என்றேன்.

"பொதுவாங்கிறது யாருங்க? அவரு எந்த ஆபீஸ்ல உக்காந்திருக்காரு?"

அவர் அதை நீக்கினார்.

அதன்பிறகு அதுதான் எங்கள் நடைமுறை. ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் ஆளின் பெயரை நான் சொல்ல வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர், நிலவரி அலுவலகத்துச் சுந்தரத்துக்கு. பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிக்கும் வசதி, திருநள்ளாறு அலுவலகத்து இரண்டு பேருக்கு. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, கண் புரை அறுவை செய்துகொண்ட கணக்கருக்கு. பெயர் சொல்ல முடியாதவை எல்லாம் போயின. அழகுக்காக இருந்த படங்கள், சத்தங்கள், சன்னல்கள் மிதந்து வந்து திறக்கும் ஜாலங்கள் எல்லாம் போயின. இயங்குதளத்தின் அடிமையமான கர்னலையும் அவரே திரும்பக் கட்டினார். எங்கள் ஊரில் இல்லாத கருவிகளுக்கான டிரைவர்கள் அதிலிருந்து கொத்துக் கொத்தாக விழுந்தன.

ஆனால் பெயர் இருந்துவிட்டால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரால் இன்னும் எத்தா சிவில் என்றுதான் சொல்வார்கள். அங்கே பிலோமினா என்றொரு எழுத்தர் இருந்தார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு அவர்தான் சான்றிதழ் அடித்துக் கொடுப்பார். "பேருல ஒரு எழுத்துக்கு மேல கோடு விட்டுப்போனாப் போதுங்க, பிரான்ஸ்லேருந்து பேப்பர் திரும்பி வந்துரும். வயசானவங்க மறுபடி அலையணும்" என்று அவர் சொன்னதை மேடம் கேட்டுக்கொண்டார். மறுநாள் பிலோமினாவின் மேசையருகே அரை நாள் உட்கார்ந்து அவர் விரல்கள் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு எழுத்துகளுக்கான விசைப்பலகை அமைப்பைச் சேர்த்ததோடு, பிலோமினாவுக்குப் பழகிய விசைகளிலேயே அந்தக் கோடுகள் வரும்படி செய்தார். மேலிடத்தில் ஒருவர், ஓர் ஆளுக்காக எல்லா அலுவலகத்து இமேஜிலும் இதைச் சுமக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாங்க என்று மட்டும் மேடம் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு சோதனை. எங்கள் பிரிவில் கிழவர் என்று நாங்கள் பேர் வைத்திருந்த ஒரு கணினி இருந்தது. மின்விசிறி கரகரக்கும். ரேம் மிகக் குறைவு. எந்த இமேஜாக இருந்தாலும் முதலில் கிழவரில்தான் ஓட வேண்டும். நல்ல மிஷினில் ஓடுவது மிஷினின் பெருமை, மட்டமான மிஷினில் ஓடினால்தான் நம் வேலைக்குப் பெருமை என்பார். எழுதிய பென் டிரைவைத் திரும்பப் படித்து, கோப்பில் துளி மாறினாலும் வேறாகிவிடும் சரிபார்ப்பு எண்ணை மூல இமேஜின் எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒப்பிடுவார். கடைசியாக, கணினி எழுந்துகொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். மறுபடி செருகுவார். வெவ்வேறு கட்டத்தில் பிடுங்கிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் யார் கையும் படாமல் அது வேலைத் திரைக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த இமேஜ் வெளியே போகாது.

சின்ன சிஸ்டம் அலுவலகங்களுக்குப் போனது. ஊழியர்களுக்குக் காலை டீ குடிக்கச் சாக்கு இல்லாமல் போனது. முதலில் திட்டியவர்கள் பிறகு வீட்டுக் கணினிக்கும் ஒன்று கேட்டார்கள். பழைய கணினியைப் பிழைக்கவைக்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று ஊரில் பேச்சுப் பரவியது. அந்தப் பேச்சுதான் ஒரு மழைநாளில் துறைமுகத்துக்காரர்களை எங்களிடம் கொண்டுவந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் நாகைப் பக்கம் திரும்பாது என்று நினைத்திருந்தார்கள், திரும்பிவிட்டது. எச்சரிக்கை வந்ததும் கடலில் இருந்த விசைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அன்று முற்பகலில் மீன்பிடித் துறைமுகத்துப் படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் வீரமுத்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு எங்கள் பிரிவுக்குள் நுழைந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் சொன்னது இது. அஞ்சப்பன் என்பவரின் படகு எஞ்சின் நின்றுபோய் கடலில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அஞ்சப்பனும் அவர் தம்பியும் இன்னும் சிலரும் அதில் இருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வந்து பேட்டரி போய்விட்டது. இடம் காட்டும் ஜிபிஎஸ் திரை இருண்டுவிட்டது. கையில் இருக்கும் சிறு வயர்லெஸ்ஸில் எப்போதாவது குரல் கேட்கிறது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்தப் படகில் இன்னொரு கருவி உண்டு. தனி பேட்டரியில் ஓடுவது. தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் சமிக்ஞையை அது தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்கும் பெட்டி துறைமுக வயர்லெஸ் அறையில் இருக்கிறது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு இணைத்த கணினிதான் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. இணையமும் செல்போனும் விட்டு விட்டுத்தான் வேலை செய்கின்றன. மீட்புக் கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்களும் இடத்தைத்தான் கேட்கிறார்கள்.

அந்த வயர்லெஸ் அறை எங்கள் பொறுப்பில் இல்லை. மேடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க கலா" என்றார்.

சங்கத்தின் ஜீப்பில் போனோம். வயர்லெஸ் அறையில் மாணிக்கவேல் என்ற நடுவயதுக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பு கடலுக்குப் போனவர், கால் அடிபட்ட பிறகு இந்த அறையில் வேலை. வாசற்படியருகே ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அஞ்சப்பனின் மனைவி வேதவல்லி என்று வீரமுத்து மெல்லச் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. வயர்லெஸ்ஸில் இரைச்சல் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கணினியைத் திறந்தேன். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்டிவிட்டு நின்றது. இனி அது எழாது. அதற்குள்ளேயே கரண்டு இரண்டு முறை போய், ஜெனரேட்டரில் திரும்பி வந்தது. மேடம் கைப்பையிலிருந்து சின்ன சிஸ்டத்தை எடுத்துச் செருகினார். கணினி எழுந்துகொண்டது. வீரமுத்துவின் முகம் மலர்ந்தது. மேடத்தின் முகம் அப்படியே இருந்தது. சமிக்ஞைப் பெட்டியிலிருந்து வரும் கேபிளைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. அந்த வகைக் கேபிளுக்கான டிரைவர் எங்கள் கர்னலில் கிடையாது. சமிக்ஞையைக் கடல் வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் நிரலும் கிடையாது. எங்கள் அலுவலகங்களில் அவற்றைக் கேட்க யாரும் இருக்கவில்லை.

மேடம் கேபிளின் முனையைத் திருப்பிப் பார்த்தார். "இவங்கள நாம கேக்கவே இல்லையேங்க" என்றார். குரலில் பதற்றம் இல்லை. உண்மையைச் சொல்லும் குரல். உடனே கேபிளைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அலுவலகத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. இணையத்தை நம்ப முடியாது என்பதால், அடித்தள சிஸ்டத்துக்கான நிரல் களஞ்சியம் முழுவதையும் மேடம் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருந்தார். கடல் வரைபட நிரல் அதில் இருந்தது. டிரைவரின் மூல நிரலும் இருந்தது. நான் ஒரு வழி சொன்னேன். டிரைவரை மட்டும் தனியாகக் கட்டி, நிரலோடு வேறொரு பென் டிரைவில் எடுத்துப் போவோம், அங்கே கணினி எழுந்த பிறகு கையால் ஏற்றிவிடுவோம், சீக்கிரம் முடிந்துவிடும். வீரமுத்து அதைப் பிடித்துக்கொண்டார். அம்மா சொல்றதுதான் சரி, கிளம்புவோம் என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். "அங்க கரண்டு எத்தன தடவ போச்சுன்னு பாத்தீங்கல்ல? கையால ஏத்துனது கரண்டு போனா போயிரும். நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனப்புறம் மாணிக்கவேல் என்னங்க பண்ணுவாரு? அவரு அமுக்குறதுக்கு ஒரு பட்டனும் இருக்கக் கூடாது. தானா வரணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கடலில் ஆட்கள் இருக்கும்போது முழு இமேஜைக் கட்டுவதா என்று. ஆனால் அதற்குள் அவர் அடித்தள சிஸ்டத்தை விரிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று அவர் வேலை செய்ததை என்னால் மறக்க முடியாது. சாதாரண நாளில் செய்யும் அதே வரிசை, அதே வேகம். டிரைவரைக் கட்டச் சொல்லிவிட்டு, அது கட்டப்படும் நேரத்தில் வரைபட நிரலைச் சேர்த்தார். அந்த நிரலுக்கு வேண்டிய துணைக் கோப்புகளைச் சேர்த்தார். கணினி எழுந்ததும் நேராக அந்தத் திரை மட்டும் வரும்படி எழுதினார். காரைக்காலை நடுவில் வைத்து வரைபடம் திறக்கும்படி செய்தார். இடம் போதாமல் போனபோது, "இங்க யாருக்கும் தமிழ் டைப்பிங் வேணாம், பிரிண்டர் வேணாம்" என்று தானே சொல்லிக்கொண்டு அவற்றை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் சுருக்கி ஒரே கோப்பாக்கும் வேலை. திரையில் சதவீதம் ஊர்ந்தது. அந்த நேரத்தில் வீரமுத்து அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். மேடம் அவரை உட்காரவைத்து, அந்தப் படகின் பெயர் என்ன, கருவியின் பதிவு எண் தெரியுமா, எந்தப் பக்கம் தேடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர் தெரிந்தது, எண் தெரியவில்லை. கடைசியாகக் குரல் கேட்டபோது நேர் கிழக்கே இருந்ததாக நினைத்து அந்தப் பக்கமே இரண்டு படகுகள் தேடுவதாகச் சொன்னார்.

இமேஜை எழுதி, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, கிழவரில் செருகினோம். கேபிளை இணைத்தார். கணினி எழுந்தது, கேபிளைக் கண்டுகொண்டது, வரைபடம் வந்தது. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். மேடம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

வீரமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "அங்க உசுரு போய்க்கிட்டிருக்கு, நீங்க பிளக்கப் புடுங்கி வெளாடுறீங்களேம்மா" என்றார்.

"அங்க அது தானா புடுங்கிக்கிறதுக்கு முன்னாடி நான் இங்க புடுங்கிப் பாத்துக்கறேங்க" என்றார் மேடம், அதே மரியாதையோடு.

இரண்டாவது முறை எழுந்தபோது வரைபடம் வந்தது, ஆனால் கேபிளோடு தொடர்பு இல்லை. முதல் முறை தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது. வரைபட நிரல் சில சமயம் கேபிள் தயாராவதற்கு முன்பே எழுந்து, தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்துவிடுகிறது. என் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தேன். பையை மாட்டியபோதே கிளம்பியிருந்தால் துறைமுகத்தில் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். மேடம் மறுபடி இமேஜுக்குள் நுழைந்தார். கேபிள் தயாராகும்வரை நிரல் காத்திருக்க வேண்டும், பிறகுதான் எழ வேண்டும் என்று சில வரிகள் எழுதினார். மீண்டும் சுருக்கினார், எழுதினார், ஒப்பிட்டார். பிளக்கைப் பிடுங்கினார். ஆரம்பத்தில், நடுவில், முடிவில். எல்லா முறையும் சரியாக வந்தது. இந்தத் தடவை வீரமுத்துவே குனிந்து ஒருமுறை பிடுங்கிப் பார்த்தார்.

நாங்கள் திரும்பியபோது மதியம் கடந்திருந்தது. வேதவல்லி அதே இடத்தில் இருந்தார். யாரோ கொடுத்த டீ அருகில் ஆறிப்போயிருந்தது. மேடத்தைப் பார்த்ததும் முதல்முறையாகப் பேசினார். "இப்பக் கொஞ்ச முன்னாடி குரல் வந்துச்சுங்க. புள்ளைங்க சாப்புட்டுச்சான்னு கேக்குறாரு. அவரு கடல்லேருந்து அதெல்லாம் கேக்குற ஆளு இல்ல."

மேடம் குனிந்து அவர் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பென் டிரைவைச் செருகி, கரண்டு வந்ததும் தானாக எழும்படி கணினியை அமைத்தார். கேபிளை மாட்டினேன். மாணிக்கவேல் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். வரைபடத்தில் கரையின் கோடு வந்தது. அதையொட்டித் துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒரு கொத்தாகப் புள்ளி வைத்தன. பிறகு கடலுக்குள் ஒன்று. இன்னும் ஒன்று. சங்கத்திலிருந்து வந்திருந்த சிலர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

புள்ளிகளுக்கு முதலில் எண் மட்டும்தான் வரும். பெயரைக் கருவி சற்று இடைவெளி விட்டுத்தான் அனுப்பும். கிழக்கே இருந்த இரண்டு புள்ளிகளுக்குப் பெயர் வந்தது. தேடப் போன படகுகள். தெற்கே, நாகூருக்கு நேராக, ஒரு புள்ளி எண்ணோடு நின்றது. மாணிக்கவேல் அது வேறு ஊர்ப் படகாக இருக்கலாம் என்றார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் இருந்த இடத்தில் பெயர் விழுந்தது. மாணிக்கவேல் அதை வாய்விட்டுப் படித்தார். வாசலில் வேதவல்லி எழுந்து நின்றார்.

வாடைக் காற்றும் நீரோட்டமும் படகைத் தெற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. எல்லோரும் தேடிய இடம் வேறு. மாணிக்கவேல் ஒலிவாங்கியை எடுத்து, திரையில் இருந்த எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தேடப் போன படகுகளில் ஒன்று திசை திரும்பியது. மீட்புக் கப்பலுக்கும் இடம் போனது.

திரும்பிய படகின் புள்ளி பாதி தூரம் வந்திருக்கும். கரண்டு போனது. அறை இருண்டது. யாரோ ஐயோ என்றார்கள். ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. என் கை தானாகக் கணினியை நோக்கிப் போனது. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். யாரும் எதையும் தொடவில்லை. கணினி எழுந்தது, எழுத்துகள் ஓடின, சற்றே தயங்கியது, பிறகு வரைபடம் வந்தது. தெற்குப் புள்ளி மறுபடி வந்தபோது இன்னும் கீழே இறங்கியிருந்தது. மாணிக்கவேல் புது எண்களைச் சொன்னார். அந்த எண்கள் போயிராவிட்டால் தேடி வந்த படகு மழைத் திரைக்குள் அவர்களைத் தாண்டிப் போயிருக்கும் என்று பிறகு அவர்களே சொன்னார்கள்.

வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் வயர்லெஸ்ஸில் ஒரு குரல், "கயிறு போட்டாச்சு, எல்லாரும் இருக்காங்க" என்றது. வீரமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வேதவல்லி மாணிக்கவேலிடம் ஒலிவாங்கியைக் கேட்டார். அவர் பொத்தானை அழுத்திக் கொடுத்தார். அந்த அம்மா அதை வாயருகே வைத்துக்கொண்டு, "சாப்புட்டாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே மேடமும் நானும் மீனவக் கிராமங்களுக்குப் போனோம். எங்கெங்கே வயர்லெஸ் இருக்கிறது, என்னென்ன பெட்டி, என்னென்ன கேபிள் என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. எங்கள் பொறுப்பில் இருந்த கணினிகளைப் போலவே அங்கிருந்த கணினிகளுக்கும் இமேஜ் செய்து கொடுத்தோம், பழுதானவை எங்கள் பிரிவுக்கே வந்து சேர்ந்தன. இன்று கழித்துக்கட்டும் கணினிகளில் கடல் வரைபட நிரலோடு எழும் ஒன்றிரண்டு இருந்தால், பிள்ளைகளே, அதன் காரணம் இதுதான்.

மீட்ட மறுநாள், படகு துறைமுகத்துக்கு வந்த காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மழை விட்டிருந்தது. ஜெனரேட்டர் இரவு முழுவதும் நிற்காததால் கணினியும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் கேபிளைச் சரியாகக் கட்டிவைக்கப் போயிருந்தோம். அஞ்சப்பன் வயர்லெஸ் அறைக்கு வந்தார். பெரிய உருவம். கண்கள் உப்பில் சிவந்திருந்தன. தோளில் யாருடைய துண்டோ இருந்தது. பின்னால் வேதவல்லி. நன்றி சொல்ல வந்தவர் திரையைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார். எங்க இருந்தோம் என்று மாணிக்கவேலிடம் கேட்டார். படகு போன பாதை திரையில் ஒரு கோடாக இருந்தது. மாணிக்கவேல் காட்டினார்.

அஞ்சப்பன் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். பிறகு கரையைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்ளோ கிட்டயா இருந்தோம்? கரையே இல்லாத எடத்துக்குப் போயிட்டோம்னு நெனச்சோம்ங்க." விரல் கோட்டின் ஓரிடத்துக்குத் திரும்பியது. "இந்த எடமாத்தான் இருக்கணும். எனக்கு எதாவது ஆச்சுன்னா வீட்டுல என்ன சொல்லணும்னு தம்பிக்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?" என்றார் வேதவல்லி.

அஞ்சப்பன் திரும்பவில்லை. "அதான் வந்துட்டேன்ல" என்றார்.

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

மேடம் என் முழங்கையைத் தொட்டார். மாணிக்கவேலும் எழுந்தார். நாங்கள் மூவரும் வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினோம்.